நீங்க பேசுங்க, நாங்க இருக்கோம்

…போஸ்டர்ல குத்தம் இல்லேன்னா வேற எதுலதாங்க குத்தம்? நீங்களே சொல்லுங்க. இல்ல இல்ல, இருங்க, நானே சொல்லிடுறேன். நீங்க பாவம், மனசு சரியில்ல, யார்கிட்டயாவது பேசணும்னு எங்க உதவி எண்ணுக்குப் போன் பண்ணியிருக்கீங்க. உங்களப் போயி போஸ்டர் பத்திக் கேக்கிறேன் பாருங்க! ஆனா கேட்டுத்தாங்க ஆகணும், எனக்கு உத்தரவு. எங்க பாத்தீங்க எங்க போஸ்டர? நூலகத்துலயா?… பஸ் ஸ்டாப்லயா! பாத்தீங்களா, பாத்தீங்களா! பஸ் ஸ்டாப்ல ஒட்டுங்க, பஸ் ஸ்டாப்ல ஒட்டுங்கன்னு நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன். எங்க தலைவர் காதுல போட்டுக்கிட்டாத்தானே? தன் வீட்டு லிஃப்ட்ல முதல்ல ஒட்டணும்னாரு. ஏன்னா போஸ்டர்ல அவர் போட்டோ இருக்கு. மூஞ்சி பூசணிக்கா அளவு, போன் நம்பர் எறும்பு அளவு. நீங்க எப்படித்தான் கண்டுபிடிச்சீங்களோ, புண்ணியவான்.

ம்? ஆமா, சொல்லுங்க சொல்லுங்க, அதுக்குத்தானே நான் உக்காந்திருக்கேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு…

இந்த போஸ்டருக்கு மூணு மாசம் திட்டம் போட்டோம், தெரியுமா? தொண்டு நிறுவனம்னா சும்மா நல்லது செஞ்சாப் போதாதாம். யாருக்குச் சொல்றோம், எங்க சொல்றோம், எப்படிச் சொல்றோம்னு எல்லாத்துக்கும் திட்டம் வேணுமாம். அதுக்குன்னு ஒரு ஆலோசகர் வந்தாரு, நாலு கலர் பேனாவும் சுவரு நீளத்துக்கு ஒரு தாளுமா. "நீங்க யார்கிட்டப் போய்ச் சேரணுமோ, அந்த ஆளைக் கற்பனை பண்ணுங்க"ன்னாரு. பண்ணினோம். ஒரு பொம்பளை, நாப்பத்திரெண்டு வயசு, தனியா இருக்கா, பேச ஆளில்ல. அத்தோட விட்டிருக்கலாம்ல? அவ பூனை வளக்கிறாளா இல்லையான்னு ரெண்டு வாரம் சண்டை! பொருளாளர் வளக்கிறாங்கிறாரு. கமிட்டியில இருக்கிற டாக்டரம்மா, "பூனை இருந்தா அவ ஏன் நமக்குப் போன் பண்றா?"ங்கிறாங்க. கடைசியில கையத் தூக்கி ஓட்டெடுப்பு. பூனை தோத்துப்போச்சு.

உங்க வீட்டுல பூனை இருக்கா?… இருக்கா! அட, பொருளாளர் குதிப்பாரே! நீங்க ஆம்பளை, வயசும் அறுபது இருக்கும்போல, பூனை வேற. எங்க திட்டத்துலயே நீங்க இல்லீங்க!

அப்புறம் அந்த வாசகம். "நீங்க பேசுங்க, நாங்க இருக்கோம்." நாலு வார்த்தை. நாலு வார்த்தைக்கு ஏழு மீட்டிங். அத யோசிச்சுச் சொன்னது யாருன்னு நினைக்கிறீங்க? நாந்தான். போஸ்டர்ல என் பேரு போட்டாங்களா? சரி விடுங்க, நான் பேருக்கு ஆசைப்படுறவ இல்ல.

இருங்க இருங்க, ஒரே நிமிஷம். முக்கியமானதையே சொல்லல. போஸ்டர் ஒட்டினதும் அழைப்பு வந்துச்சுங்க. வரலைன்னு சொல்ல மாட்டேன். ஆனா எல்லாமே பாதியில கட்டாகுது! போன் கம்பெனிக்கு மூணு லெட்டர் எழுதினேன். லைன்மேன் வந்தாரு, ஒயரைப் பாத்தாரு. "லைன் நல்லாத்தான் இருக்கும்மா"ன்னாரு. நான் விவரமா எடுத்துச் சொல்லிட்டிருக்கும்போதே, பைய எடுத்துட்டு ஓடிட்டாரு. அந்த ஆலோசகர் என்னடான்னா, "போஸ்டர் அதோட வேலையச் செஞ்சிருக்கு, கூப்பிடுறாங்க. ஆனா நிக்க மாட்டேங்கிறாங்க"ன்னு சொல்லிட்டு என்னை ஒரு மாதிரி பாத்தாரு. நான் சொல்லிட்டேன், போஸ்டரோட நீலக் கலர்தான் காரணம், மஞ்சளுக்கு மாத்துங்கன்னு.

நாளைக்கு கமிட்டி. பத்து நிமிஷம் தாண்டின அழைப்பு ஒண்ணாவது காட்டலேன்னா, இந்த லைன மூடிட்டு, இந்த ரூம்ல பழைய துணி மூட்டையப் போடப்போறாங்களாம். இந்த நாற்காலியும் போச்சுன்னா நான் எங்க போயி…

என்ன? என்ன கேட்டீங்க?

எனக்கா? பேச யாரும் இல்லையான்னா… ஏன் இல்லாம? வீட்டுக்காரர் இருக்காரே. நான் வாசப்படி மிதிச்சதும் காது மெஷினைக் கழட்டி டப்பாவுல வச்சிடுவாரு. பொண்ணு வெளியூர்ல இருக்கா, நான் கூப்பிட்டா ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் பாத்திரம் தேய்ப்பா. தண்ணி சத்தம் எனக்குக் கேக்கும். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலைங்க எனக்கு. ஊரே என் காது வழியாத்தான் பேசிச்சு. நான் பேசினது "லைன்ல இருங்க" மட்டுந்தான். ரிட்டயர் ஆனதும் எல்லாம் சேந்து…

…

ஏங்க. இந்த நோட்டு என் முன்னாடிதான் இருக்கு. பத்தொம்பது அழைப்பு. "அழைத்தவர் சொன்னது"ன்னு ஒரு கட்டம் இருக்கு. பத்தொம்பதும் காலி. பக்கத்துல என் கையெழுத்துல லைன் கட், லைன் கட்னு எழுதியிருக்கேன்.

லைன் கட்டாகலைல்ல? வச்சிட்டுப் போயிருக்காங்க.

ஒருத்தர், "போன வாரம் எங்கம்மா…"ன்னு ஆரம்பிச்சாரு. நான் நடுவுல புகுந்து என் மாமியார் கதையச் சொன்னேன். அவங்கம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க. ரொம்ப வெக்கமா இருக்கு.

மணி பாத்தா பதினோரு நிமிஷம் ஆயிருக்கு. கமிட்டிக்கு இது போதும். ஆனா இதுல நீங்க பேசினது பஸ் ஸ்டாப்பு, பூனை, அப்புறம் அந்த ஒரு கேள்வி. இத பதினோரு நிமிஷ அழைப்புன்னு எழுத எனக்குக் கை வரல. எழுத மாட்டேன். மூட்டையக் கொண்டுவந்து போட்டாப் போடட்டும்.

வச்சிடாதீங்க, என்ன? இப்ப சரியா மூணு இருபது. இங்கருந்து ஆரம்பிப்போம். சொல்லுங்க, எதுக்குக் கூப்பிட்டீங்க?

…

ம்.

…

ம்ம்.

…

ஐயோ, இதே மாதிரிதான் எங்க வீட்டுலயும் ஒரு தடவ… இல்ல. ஒண்ணுமில்ல. மன்னிச்சுக்குங்க. நீங்க சொல்லுங்க.

…

ம்.