ஜுர ஊசிக்குப் போன முட்டை

சத்தியவேட்டிலிருந்து புத்தூர் போகும் பஸ். ஆந்திராவுக்கும் மெட்ராசுக்கும் எல்லைத் தகராறு தீராத வருஷம்; ஊரெங்கும் புளூ ஜுரம். எனக்கு முன் சீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாளிடம் சொன்னார்:

"ஜுரம் வராம இருக்க ஊசி கண்டுபுட்சிட்டாங்களாம்மா. கோழி முட்டையில வளக்கறாங்களாம்."

"தெரியும் நைனா. போன மாசம் ஜீப்புல வந்து, சேவல் சேந்த முட்டையா பாத்து எங்கிட்டதான் வாங்கிகினு போனாங்க."

"அப்ப உங்களுக்கு ஊசி போட்டாச்சு."

"எங்க போட்டாங்க. மருமவ வாயும் வயிறுமா கீறா, அவளுக்காவது போடுன்னு நேத்து ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனேன். உங்க ஊரு எந்த ராஷ்ட்ரம்னு இன்னும் முடிவாவல, போம்மான்றான்."

அவர் பேப்பரை மடித்தார். அம்மாள் தொடர்ந்தார்:

"முட்டைய எடுத்துகினு போனப்ப, எந்த ராஷ்ட்ரத்துக் கோழின்னு ஒருத்தனும் கேக்கல."