மூன்றாவது மெஷின்

கிரைண்டர் வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள், சார். சமையலறைச் சாமான் என்று எழுதிவிடாதீர்கள். நான் சொல்வது வண்ணக் கண்ணாடி ஜன்னல் செய்கிறவர்கள் வைத்திருப்பது. வைரத்தூள் பூசிய சின்ன உருளை ஒன்று சுழன்று, வெட்டிய கண்ணாடியின் ஓரத்தைத் தேய்க்கும். கீழே தட்டில் தண்ணீர், உருளைக்குப் பின்னால் ஒரு பஞ்சு. பஞ்சு ஈரமாக இருந்தால் தூசி பறக்காது. மெஷின் அவ்வளவுதான்.

பட்டறை என் அத்தானுடையது, அதாவது அக்காவின் கணவருடையது. விசிட்டிங் கார்டில் 'ஒளியின் ஓவியர்' என்று போட்டிருக்கும். அவர் படம் வரைவார். பதினெட்டு வருஷமாக ஓரம் தேய்த்துப் பொருத்துவது நான். திறப்பு விழாக்களில் ஒளிக்கும் காலத்துக்கும் பிரபஞ்சத்துக்கும் நன்றி சொல்வார். பிரபஞ்சம் ஒரு துண்டுகூடத் தேய்த்ததில்லை.

போன மாதம் ஒருநாள் கூப்பிட்டார்.

"மாப்ள, இன்னொரு கிரைண்டர் பாரு. யார் வேணா ஓட்டற மாதிரி இருக்கணும்."

"இருக்கறதுக்கு என்ன அத்தான்? நான்தானே ஓட்டறேன்."

"உனக்கு இல்லப்பா. புதுசா ஒரு ஆளுக்கு."

"யாருக்கு?"

"நீ மெஷினை மட்டும் பாரு, மாப்ள."

மெஷினை மட்டும் பார்க்கிற ஆள் நான் இல்லை. ஆணியில் புது ஏப்ரன் தொங்கியது, சின்ன அளவு. சாப்பிட்டுவிட்டு வந்தால் என் ஸ்டூல் உயரம் குறைந்திருக்கும். குப்பைக் கூடையில் நான் தேய்க்காத துண்டுகள், எலி கடித்த மாதிரி ஓரத்தோடு. ஆள் குட்டை, ஒல்லி, கைப்பழக்கம் போதாது என்று கணித்தேன். அது அத்தனையும் சரிதான் என்று இப்போது தெரிகிறது. அத்தான் போனில் பேசிக்கொண்டிருப்பார். என் தலையைப் பார்த்ததும் வைத்துவிடுவார். என் இடத்துக்கு ஆள் வருகிறது. அதற்கு மெஷினை நானே தேடித் தர வேண்டும்.

மூன்று பார்த்தேன். முதலாவது அருமையான மெஷின், மோட்டாரை ஒரு சொட்டு நெருங்காது. இரண்டாவது சுமார். மூன்றாவது கடையின் மூலையில் கிடந்த பழைய இரும்பு. தட்டு கசிந்து தண்ணீர் மோட்டார் பக்கம் இறங்கியது. மெஷின் உடம்பில் டெஸ்டரை வைத்தேன், அதன் விளக்கு எரிந்தது.

"அது வேணாம் சார், ஷாக் அடிக்கும். பார்ட்ஸுக்குத்தான் வெச்சிருக்கேன்," என்றார் கடைக்காரர். நேர்மையானவர். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

பார்ட்ஸுக்குத்தான் என்று சொல்லி வாங்கி வந்து நீலப் பெயின்ட் அடித்தேன்.

புது மெஷின் வந்தால் முதலில் ஓட்டுவது அத்தான். பட்டறை வழக்கம் அது. சின்னதாக ஓர் உரையும் உண்டு. அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. தட்டைக் குனிந்து பார்க்க மாட்டார். மெஷின் ஓடும்போதே பஞ்சில் விரல் வைத்து ஈரம் பார்ப்பார். பதினெட்டு வருஷமாக வேண்டாம் என்று சொல்லி வந்தவன் நான். இந்தத் தடவை சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை, ஈயக்கம்பி வாங்கப் போகிறேன் என்று கிளம்பினேன். பத்தரைக்குத் திரும்பினால் வாசலில் அத்தான் நிற்கிறார். அவர் நிற்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கையில் உரை எழுதிய காகிதம். உள்ளே, தரையில், அந்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அக்கா.

மகள் வேலைக்கு வெளியூர் போனதிலிருந்து அக்காவுக்கு வீட்டில் பொழுது போகவில்லையாம். நான் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து வந்து கற்றுக்கொண்டிருக்கிறாள். பஞ்சில் விரல் வைக்கவும் அவர்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார். "தம்பிகிட்ட சொல்லிடாதீங்க, வருஷம் பூரா கிண்டல் பண்ணுவான்" என்று கேட்டுக்கொண்டாளாம். அன்றைக்கு மட்டும் வழக்கத்தை மாற்றி, "நீயே ஆரம்பிச்சு வை" என்று அத்தான் ஒதுங்கி நின்றிருக்கிறார். எதிலும் முதலில் நின்று பழகியவருக்கு அன்றுதான் அடக்கம் வந்தது.

நான் எதையும் மறைக்கவில்லை. மெஷினைத் தேர்ந்தெடுத்தவன் நான். அத்தான் சாக வேண்டும் என்றுதான் தேர்ந்தெடுத்தேன். ஆனால் யாருக்கு என்று வாயைத் திறந்து கேட்டேனே, சார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதலாவதையே வாங்கியிருப்பேன். இப்படி ஒரு பொறுப்பில்லாத மனிதரிடம்தான் அக்கா இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினாள்.