எழுபத்தொன்றாம் டிராமில் ஒரு விருந்தாளி

உட்காருங்கள் இன்ஸ்பெக்டர். தண்ணீர் டம்ளர் இல்லாமல் காபி வைப்பவன் வியன்னாவில் சர்வரே இல்லை, இரண்டும் வைத்திருக்கிறேன். யாரோ ஒரு குடும்பத்துப் பாட்டியின் கல்லறையில், யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் பளிங்குப் பலகை பதித்துவிட்டுப் போன விஷயம்தானே? அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ரொம்ப நல்ல மனிதர்.

பெயர் அன்செல்மோ. லிஸ்பன்காரர், மனைவியை இழந்தவர். நாலு நாள் ஊர் சுற்றிப் பார்க்க வந்தார். வந்த அன்றே இந்தக் காபிக் கடைக்குள் நுழைந்து, நேராகப் போய் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்துவிட்டார். அது ஜட்ஜம்மாவின் மேஜை. ஜட்ஜ் காலமாகி வெகுகாலம் ஆகிறது. ஆனால் இந்த ஊரில் புருஷனுடைய பட்டம் மனைவியை விட்டுப் போகாது. தினமும் நான்கு மணிக்கு வருவார். "வழக்கம்போலத்தானே ஜட்ஜம்மா?" என்பேன். தலையசைப்பார். வருஷக்கணக்காக இதுதான் எங்கள் பேச்சு. இதற்குமேல் ஒரு ஆணுக்கும் பெண்ணுக்கும் என்ன வேண்டிக் கிடக்கிறது?

அந்த ஆளை எழுப்பப் போனேன். ஜட்ஜம்மா தடுத்துவிட்டார்.

"இருக்கட்டும் ஃபெர்டல். பாவம், ஊருக்குப் புதுசு."

கால் மணி நேரத்தில் அன்செல்மோ அவரை "ஹெர்மினே" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஜட்ஜம்மா சிரித்தார். அவருக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. வயிறு எரிந்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை.

கடைசி நாள் அன்செல்மோ என் கையைப் பிடித்துக்கொண்டு ரகசியம் சொன்னார்.

"ஆறு மணி ரயில்ல ரெண்டு பேரும் கிளம்புறோம். அவ ஸ்டேஷன்ல நிப்பா. அதுக்குள்ள ஒரு காபி கொடுங்க."

நான் முறைப்படிதான் நடந்தேன். எங்கள் காபிக் கடைகளில் கேட்காமல் பில் வராது. கொண்டுபோய் வைத்தால் எழுந்து போ என்று சொன்ன மாதிரி. அவருக்கு அது தெரியாது, மரியாதையாகக் காத்திருந்தார். என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். தண்ணீர் மாற்றி வைத்தேன். கையைத் தூக்கினார், செய்தித்தாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு கோப்பைக்கு அடியில் ஒரு நோட்டை வைத்துவிட்டு ஓடினார். நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தெருமுனைப் போலீஸ்காரரிடம் "காசு குடுக்காம ஓடுறான்" என்று கத்தினேன். கத்தியது கொஞ்சம் முறை மீறல்தான், ஒப்புக்கொள்கிறேன். போலீஸ்காரர் அவரைப் பிடித்து விசாரித்துவிட்டு விட்டபோது ரயில் போய்விட்டது.

மறுநாள் காலையில் அன்செல்மோ வந்தார். ஜட்ஜம்மா தன் விலாசத்தை யாருக்கும் தரமாட்டார். அதனால் அன்செல்மோவுக்கு இந்தக் கடைதான் தெரியும். "அந்தம்மா மனசு மாறிட்டாங்க சார்" என்றேன். ஊருக்குப் போய்விட்டார். நான்கு மணிக்கு ஜட்ஜம்மா வந்தார். கண் வீங்கியிருந்தது.

"அவர் எதாவது சொன்னாரா ஃபெர்டல்?"

"சிரிச்சுக்கிட்டே போனாரு ஜட்ஜம்மா. டூரிஸ்ட்தானே."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். வசந்தகாலத்தில் மனிதர் மறுபடி வந்து நிற்கிறார்.

"ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்."

"குளிர்காலத்துலயே போயிட்டாங்க சார்" என்றேன்.

இங்கே ஒருவர் இறந்தால் எழுபத்தொன்றாம் டிராமில் ஏறிவிட்டார் என்போம். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் டிராம் அது. அதிலேயே அவரை அழைத்துப் போனேன். எத்தனையோ பயணிகள் அரண்மனையை மட்டும் பார்த்துவிட்டு, அந்த அழகான தோட்டத்தைப் பார்க்காமலே ஊர் திரும்புகிறார்கள். அந்தக் குளிர்காலத்தில் புதைத்த ஒரு ஹெர்மினேயை முதல் நாளே தேடி வைத்திருக்க முடியாதல்லவா, அலைந்துதான் கண்டுபிடித்தேன். குடும்பப் பெயர் வேறாக இருந்தது. பிறந்த வீட்டுப் பெயர் என்றேன். கல்லில் நெற்றியை வைத்து அழுதார். மழை தூறியது, நான் குடை பிடித்தேன். பலகை வைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், ஜட்ஜம்மா வரும் நேரம். முன்பெல்லாம் அரை மணியில் எழுந்து போவார். இப்போது நாங்கள் கடை மூட நாற்காலிகளைக் கவிழ்க்கும்வரை தெருவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நேற்று என் கையைத் தொட்டுச் சொன்னார்:

"உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா, ஃபெர்டல்?"

பாருங்கள் இன்ஸ்பெக்டர், நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவராகவேதான் சொன்னார்.