உள்பக்கம் தாழிட்ட அறை

ஆஸ்பத்திரியில் பிள்ளையோடு இருக்கும் தாய்மார்கள் நேரத்துக்குச் சாப்பிடுவதே இல்லை. மல்லுக்கட்டித்தான் அனுப்ப வேண்டும். குழந்தைகள் வார்டில் அந்த வேலையை நானே விரும்பி எடுத்துக்கொண்டேன். விசாரணை அதிகாரி ஐயா, வாயாடி என்ற சிறுமியின் அம்மா என்மேல் புகார் கொடுத்திருப்பதால், நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகளின் உயிர் போகும்போது நர்ஸ்களான எங்களில் ஒவ்வொருத்திக்கும் ஒரு வழி. புதிதாக வந்தவள் மருந்து அறையில் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவாள். தலைமை நர்ஸ் அன்று முழுக்க எல்லோர்மேலும் எரிந்து விழுவார். நான் அழுததில்லை. "உனக்கு இருக்கறது நெஞ்சா, கருங்கல்லாடி?" என்று அவரே கேட்டிருக்கிறார்.

மூச்சு மாறுவது எனக்குத் தெரிந்துவிடும். இழுக்கும், நிற்கும், யோசித்துவிட்டு மறுபடி இழுக்கும். உடனே அம்மாவிடம் போவேன். "பிள்ளை நல்லா தூங்குது. ஒரு வாய் சாப்பிட்டு வாங்கம்மா, நான் இருக்கேன்ல." நம்பிப் போவார்கள். வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். முகம் துடைத்து, தலை சீவி வைத்திருப்பேன். விஷயத்தை டாக்டர் வராந்தாவில் வைத்துச் சொல்லிவிடுவார். பிறகு வந்து என் கையைப் பிடித்து நன்றி சொன்ன தாய்மார்களும் உண்டு. பெற்றவள் அதைப் பார்த்தால் தாங்கமாட்டாள். அதற்காகத்தான் செய்தேன்.

வாயாடி என்பது நாங்கள் வைத்த பெயர். ரத்தப் புற்றுநோய். "சிஸ்டர், ஊசிகூட பரவால்ல, நீங்க பாடுறதுதான் தாங்கல" என்பாள். அன்று மத்தியானம், அவள் இருந்த தனி அறையில், அவள் மூச்சு மாறியது. அம்மா அசையவில்லை.

"இப்பதான் சாப்பிட்டேன் சிஸ்டர்."

"அப்ப டீயாவது குடிச்சிட்டு வாங்க. நீங்க மயங்கி விழுந்தா இவளை யாரு பாக்குறது?"

அரை மனதாகப் போனாள். நான் கதவை உள்பக்கம் தாழிட்டேன்.

மனசு கேட்காமல் பாதிப் படியிலேயே திரும்பிவிட்டாள் போலிருக்கிறது. கதவைத் தட்டினாள். அது என் காதில் விழுந்ததா என்று கேட்டீர்கள். விழுந்தது. "உடுப்பு மாத்துறேன், கொஞ்சம் இருங்க" என்றேன்.

வாயாடி கண்ணைத் திறந்தாள். "அம்மா வந்துட்டாங்க. கதவைத் திறங்க சிஸ்டர்." வெளியே கேட்கிற அளவுக்குக் குரல் இல்லை. தலையை வருடி, "வருவாங்க, தூங்கு" என்றேன். மறுபடியும் தட்டும் சத்தம். அவள் கை என் பிடியிலிருந்து நழுவிக் கதவுப் பக்கம் நீண்டது. அதை எடுத்துப் போர்வைக்குள் வைத்தேன். கதவைப் பார்த்தபடியேதான் போனாள்.

அவள் கண்ணை மூடிவிட்டு, தலையைச் சீவிவிட்டு, அப்புறம்தான் தாழ்ப்பாளை எடுத்தேன். "உங்களைத் தேடவே இல்லம்மா. தூக்கத்துலயே போயிட்டா" என்றேன்.

அவள் வாய்விட்டு அழத் தொடங்குவதற்குள் வராந்தாவின் கடைசிக்கு வந்துவிட்டேன். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்தை மட்டும் நான் ஒருமுறைகூட முழுதாகக் கேட்டதில்லை.