பேர் மாற்றிய பாட்டு

"இந்தச் சிலைக்குக் கீழ வெட்டியிருக்கிறது அந்தாள்ர சொந்தப் பாட்டோ?"

மொன்றியல் டவுன்டவுனில் பேராலயத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, எனக்குப் பின்னால் வயதான ஒரு பெண் கேட்டார். எதிரே ஒரு கவிஞரின் சிலை. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்று அருகில் பலகை வைத்திருக்கிறார்கள்.

"ஓம் அக்கா, அவர்ர பாட்டுத்தான். ஒரு எழுத்தும் மாத்தேலாது, சட்டம்," என்றார் கூட நின்ற இளையவர்.

"குடுத்து வைச்சவன்."

"ஏனக்கா, அண்ணைக்கும் கல்வெட்டு வடிவாத்தானே அடிச்சவை?"

ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், அவரைப் பற்றிய பாட்டோடு அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைச் சொல்கிறார். இறந்தவர் மூத்தவரின் கணவர் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"மொன்றியலில செத்த சனத்துக்கெல்லாம் இந்த மனுசன்தான் கல்வெட்டுப் பாட்டு எழுதினது. வேலையால வந்து சாப்பிடாமல் இருந்து எழுதும். அவருக்கு எழுத ஆளில்லை. சங்கத்துக்காரர் பழைய கல்வெட்டு ஒண்டை எடுத்துப் பேரை மட்டும் மாத்திப் போட்டினம்."

"அதுவும் அண்ணை எழுதினதுதானே."

"ஓம். பியர்பொன்ட்ஸ் பக்கம் கடை வைச்சிருந்தவர் செத்ததுக்கு எழுதினது."

"பேந்தென்ன அக்கா? நல்ல பாட்டு. மண்டபத்தில வாசிக்கேக்க சனமெல்லாம் அழுதது."

பஸ் வந்து நின்றது. மூத்தவர் கைப்பைக்குள் பஸ் அட்டையைத் தேடிக்கொண்டே சொன்னார்:

"ஓம், அழுதவைதான். 'ஐந்து பிள்ளைகளும் அப்பா என்றழ' எண்டு வாசிக்க எல்லாரும் அழுதவை. எங்களுக்கு ஒரு பிள்ளையும் இல்லையெண்டு அதுக்குள்ள ஒருத்தருக்கும் ஞாபகம் வரேல்லை."