ஷெரின் கையில் ஒரு சங்கு

கடலுக்குப் போகிறவர்கள் பருத்திச் சேலை கட்டக் கூடாது, இன்ஸ்பெக்டர் மேடம். நனைந்தால் லேசில் காயாது. அன்றைக்கு நான் சுடிதார். ஷெரின்தான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

மதுரை பழங்காநத்தத்திலிருந்து எங்கள் பள்ளி ஆசிரியைகள் எல்லாரும் வேன் பிடித்து மண்டபம் போயிருந்தோம். அங்கிருந்து வனத்துறைப் படகில் தீவு. படகின் கண்ணாடித் தரைக்குக் கீழே பவளமும் மீனும் ஓட, வழியெல்லாம் ஒரே சிரிப்பு. பாதுகாக்கப்பட்ட தீவு, ஒரு கிளிஞ்சலைக்கூட எடுக்கக் கூடாது என்றார் காவலர். நல்ல சட்டம்.

ஷெரின் என் கல்லூரித் தோழி. தங்கமான பெண். உதவித் தலைமையாசிரியை பதவி அவளுக்குத்தான் வந்தது. "ஆன்சிக்குக் குடுங்க ஃபாதர், பாவம் அவ" என்று தாளாளரிடம் சொல்லி எனக்கு வாங்கித் தந்துவிட்டாள். அதை ஒளிக்கவும் தெரியாது அவளுக்கு. பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. அந்த நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் அந்தப் 'பாவம்' உறுத்தும். மற்றபடி எங்களுக்குள் ஒரு மனத்தாங்கலும் கிடையாது.

முழங்கால் தண்ணீரில் நின்றபடி ஒரு சங்கை எடுத்துக் காட்டினாள். விரல் நீளம். மேலே வலை பின்னியதுபோலக் கோடுகள்.

"ஏய் ஆன்சி, எம்புட்டு அழகா இருக்கு பாரு. கொண்டு போகவா?"

நான் விலங்கியல் ஆசிரியை. அந்த வகைச் சங்குக்குள் விஷமுள்ள உயிர் இருப்பதையும், அது கொட்டினால் மெல்ல மெல்ல மூச்சு அடங்கும் என்பதையும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

"பையில வைக்காத, காவலர் பாத்துருவாரு. கையில மூடி வச்சுக்க" என்றேன்.

படகில் ஏறியதும், "ஏதோ சுருக்குன்னுச்சு ஆன்சி, கை மரத்துப்போச்சு" என்றாள். கடல் காற்று என்றேன். சங்கை வாங்கிக் கடலில் போட்டேன், எடுத்துப்போவது குற்றமல்லவா.

வேனில் அவளுக்குப் பேச்சுக் குழறியது. கணக்கு டீச்சர் கனகாதான் பதறினார். "மேலுக்கு முடியலையாப்பா? ராமநாதபுரத்துல ஆஸ்பத்திரிக்குப் போயிருவமா?"

"அலைச்சல்தான் டீச்சர். தூங்கட்டும், எழுப்பாதீங்க."

அங்கே செயற்கை மூச்சு கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாள். அதுவும் எனக்குத் தெரியும். பரமக்குடி தாண்டியபோது எல்லாம் அடங்கியிருந்தது.

ஆமாம், நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள், மேடம். கடைசிவரை என் தோளில்தான் சாய்ந்திருந்தாள். அவள் தலை ஆடாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். இந்தக் காலத்தில் அப்படியொரு தோழி யாருக்குக் கிடைப்பாள்?