அருவியை எப்போது நிறுத்துவது

ஐந்தருவி போகும் பேருந்தில் என் முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் மடியில் லேப்டாப். மற்றவள் கோபமாகக் கேட்டாள்:

"ஏட்டி, அருவிய ஏன் மொதல்லயே நிறுத்துன?"

துண்டும் கையுமாக இருந்த பேருந்தே திரும்பிப் பார்த்தது.

லேப்டாப்காரி முனகினாள். "லாட்ஜ் கம்ப்யூட்டர ஆஃப் பண்ணுனா ஒண்ணொண்ணா வரிசையாத்தான நிக்கும்? அந்த வரிசைய எழுதுன ஸ்கிரிப்ட்ல, திரையில வார அருவிப் படத்துக்கு மொத நம்பர் போட்டுட்டேன்."

"அதான் படம் மொதல்ல போயி, அதுக்குப் பின்னால ஓடுத லினக்ஸ் எழுத்தெல்லாம் திரையில கொட்டுது. லாட்ஜ் மொதலாளி அத வைரஸ்னு கத்துதாரு. ஆன் பண்ணுனா அருவி மொதல்ல வரணும், ஆஃப் பண்ணுனா கடைசியா நிக்கணும்."

"சரி, இப்பமே மாத்துதேன்."

தலையில் எண்ணெய் வழிய நின்றிருந்த பெரியவர் பதறிக் குனிந்தார்.

"தாயி, எத வேணா மாத்துங்க. நான் குளிச்சு முடிக்குத வரைக்கும் அருவிய மட்டும் நிறுத்திராதிய."